அக்கா இறங்காத கடல்

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். பேரைச் சொல்லி அவளை அழவைக்க மாட்டேன். காலையில் பல்கூட விளக்கவில்லை, போனைத் திறந்தால் கடல். கீழே ஒரு வரி: "அமைதியான கடற்கரை. ஆழமில்லாத தண்ணீர். குடும்பத்தோடு போய்வர அருமையான இடம்." அதற்கும் கீழே பூ, கும்பிடு, இருதயம் என்று வரிசையாக வந்து விழுந்தன. ஒருத்தி, "அந்தக் காலத்தில் பெரியவர்கள் நம்மை எவ்வளவு அன்பாகக் கூட்டிப்போனார்கள்" என்று எழுதியிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பெரியவர்கள்? யாரைக் கூட்டிப்போனார்கள்? நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. பாதிப் பேருக்குச் சீனி வருத்தம், மீதிப் பேருக்கு முட்டிவலி. இந்த வயதிலும் பொய் சொல்லி யாரிடம் நல்ல பேர் வாங்கப் போகிறோம்? அதே கடற்கரைக்கு நானும் போயிருக்கிறேன். குடும்பத்தோடுதான் போனேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வரிக்குக் கீழே நான் எதுவும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், உட்கார்ந்து படியுங்கள்.

என் அக்காவை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் பிறந்ததும் அம்மா மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும், பிள்ளையை யார் பார்ப்பது என்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். என்னை இடுப்பில் வைத்தே அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோனது என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பதினான்கு வயதில் அவளும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

நம் தோட்டத்தின் மேல்மலையில், மழை விட்டு வானம் வெளுத்த காலைகளில், கிழக்கே பசறை மலைகளுக்கும் அப்பால் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் கடல் என்று சொல்வார்கள். கடலோ, வெறும் பனியோ, யார் கண்டது? அக்கா அதைக் கடல் என்றே நம்பினாள். சாயங்காலம் லயத்து வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்குத் தெரிஞ்சிச்சுடி" என்பாள். கைவிரல் எல்லாம் கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்திருக்கும். முகம் மட்டும் அப்போதுதான் கழுவிய மாதிரி இருக்கும்.

பதினெட்டில் மாப்பிள்ளை வந்தது. எல்லப் பக்கத்துத் தோட்டம். எங்கள் அப்பா கங்காணி, உங்களுக்குத் தெரியும். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, நீ இந்த மலைக்கு, நீ அந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற மனிதர். வீட்டிலும் அதே குரல்தான். "உனக்கு மாப்பிள்ள பாத்தாச்சு" என்றார். அக்கா முடியாது என்று சொல்லவில்லை. அம்மாவின் பின்னால் நின்றபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒருக்கா கடலுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. சும்மா பாத்துட்டு வர இல்ல. நான் எறங்கணும்."

அப்பா ஓஹோவென்று சிரித்தார். "இவ்வளவுதானா? நீ காசுமாலை கேப்பேன்னு பயந்துட்டேன். ஆடியில போவோம். எறங்கு, முங்கு, படுத்துத் தூங்கு, யாரு வேணாங்குறா?"

அந்த ஆடி வருவதற்குள் அக்கா பட்ட பாடு! பதுளைக் கடைத்தெருவில் ஊதாப் பூப்போட்ட சீத்தைத் துணி வாங்கிவந்து, நெஞ்சுக்கு மேலே கட்டிக்கொள்கிற குளியல் பாவாடை ஒன்றைக் கையாலேயே தைத்தாள். காற்றில் விரியாமல் இருக்க விளிம்பை இரண்டு தரம் மடித்துத் தைத்தாள். கடல் பார்த்தவர் யார் லயத்துக்கு வந்தாலும் பிடித்து நிறுத்திக் கேட்பாள். கடல் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்குமா? அடியில் சேறா, கல்லா? கடலில் அட்டை உண்டா? அட்டை இல்லை என்று தெரிந்த அன்று, "தண்ணி இருக்குது, அட்டை இல்லியாம்!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். அட்டைக்குப் பயந்து காலுக்கு உப்புத் தடவாமல் நனையக்கூடிய இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அவ்வளவு பெரிய சேதி.

போவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பா ஒரு வேலை செய்தார். மாப்பிள்ளை வீட்டையும் வரச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவங்க முன்னாடி இவ எப்பிடிங்க எறங்குவா? நனைஞ்ச துணியோட மாப்பிள்ள முன்னாடி நிக்க முடியுமா?"

"எல்லாம் ஒரே குடும்பம் ஆகப்போறவங்கதானே. லொறி பேசியாச்சு. பாதி லொறி காலியாப் போகணுமா?" என்றார் அப்பா.

சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் லொறி பிடித்துக் கடலுக்குக் கூட்டிப்போகிற கங்காணி என்ற பேர் அவருக்கு வேண்டியிருந்தது. அந்தப் பேருக்கு விலை அக்காவின் கடல். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் விளங்கவில்லை. இன்றைக்கு விளங்குகிறது, விளங்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அக்கா அந்த ஊதாத் துணியை மடித்துப் பையின் அடியில் வைத்ததை நான் பார்த்தேன்.

விடியற்காலையில் மரக்கறி ஏற்றுகிற லொறியில் பன்னிரண்டு பேர் ஏறினோம். லொறியில் கோவா இலை அழுகிய வாடை. பசறை வளைவுகளில் நான் இரண்டு தரம் வாந்தி எடுத்தேன், அக்காதான் வாயைத் துடைத்துவிட்டாள். மொனராகலை தாண்டியதும் குளிர் விட்டது. அப்புறம் வெக்கை, புழுதி, பனைமரம். பத்து மணி போலக் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் லொறி நின்றது.

சரி, உண்மையைச் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பதைவிட அழகாக இருந்தது. கரையிலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில் கறுப்புப் பாறைகள் வரிசையாகத் தலையைக் காட்டிக்கொண்டிருந்தன. அலை எல்லாம் அங்கேயே மோதி நின்றுவிட்டது. பாறைக்கு இந்தப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர், அடியில் கிடந்த சிப்பியை எண்ணலாம். தண்ணீருக்கும் தென்னை மரங்களுக்கும் நடுவே ஈரமணல் அகலமாக, பலகை போலக் கெட்டியாகக் கிடந்தது. தோணிகள் மேட்டில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. வலை காய்ந்த மணம், கருவாட்டு மணம். ஒரு குழந்தையைக்கூடப் பயமில்லாமல் விடலாம். அக்கா லொறியிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

அப்பா பெரட்டுக் குரலில் ஆரம்பித்தார். "மொதல்ல அடுப்பு!"

நம் ஆட்கள் காட்டில் சமைக்கப் போனால் ஓடைக்குப் பக்கத்தில்தானே கல் கூட்டுவோம், தண்ணீர் மொள்ளச் சுகம் என்று. அதே புத்தியில் அப்பா ஈரமணலில், தண்ணீருக்குப் பத்தடியில் மூன்று கல்லை வைத்தார். அதோடு விட்டாரா? மாப்பிள்ளையின் தம்பியைக் கூப்பிட்டு, "பானையில கடல் தண்ணிய மொண்டு வா, உப்புப் போடுற வேல மிச்சம்" என்றார்.

வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரப் பெண் எழுந்து வந்தார். அம்மா வயது இருக்கும்.

"என்ன வேலை பாக்கிறீங்க? கடல் தண்ணியில சோறு ஆக்கினா வாயில வைக்க ஏலுமா? எங்கட கிணத்தில அள்ளுங்க" என்றார். பிறகு அடுப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இதில அடுப்பு வைக்காதீங்க. இது வத்து நேரம். பகல் சாய்ஞ்சா தண்ணி மேல ஏறும். குளிக்கிறதெண்டா இப்பவே குளிங்க. பொம்புளப் புள்ளைகள முதல் இறக்குங்க, பிறகு ஏலாது."

மலையில் பிறந்த எங்களுக்கு ஓடை தெரியும், குளிக்கிற பீலி தெரியும், தோட்டத்துக் குளம் தெரியும். தண்ணீர் ஒரு இடத்தில் இருந்தால் அங்கேதான் இருக்கும், மழை வந்தால் கூடும், வெயிலில் குறையும். வெயில் கொளுத்துகிற பகலில் தண்ணீர் தானாக மேலேறி வரும் என்று சொன்னால் யார் நம்புவது? அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால் முன்பின் தெரியாத ஒரு பெண் கங்காணிக்குச் சொல்லிக்கொடுப்பதா? அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார். அடுப்பு நகரவில்லை.

"கடல் எங்க போயிறப் போகுது? சாப்பிட்டுட்டு ஆற அமரக் குளிப்போம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா, "நான் ஆக்குறேன், பெரியவ போய்க் கொஞ்சம் நனைஞ்சிட்டு வரட்டும்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மென்றபடி, "ஏன், மருமகப் புள்ள ஆக்கட்டுமே. கை ருசி எப்பிடின்னு நாங்களும் பாக்குறோம்" என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டார். அம்மாவின் அந்த வாயை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ஆக, எல்லாரும் இறங்கினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா இறங்கினார். மாப்பிள்ளை அரைக் காற்சட்டையோடு யானைக்குட்டி மாதிரி புரண்டார். நான் கவுனோடு விழுந்தேன். முதல் மடக்குத் தண்ணீர் வாயில் போனதும் துப்பிவிட்டு, பிறகு உப்புதானா என்று மறுபடி குடித்துப் பார்த்தேன். அக்கா பன்னிரண்டு பேருக்கு உலை வைத்துக்கொண்டு, காற்றில் அணைகிற தென்னோலை நெருப்பை ஊதிக்கொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவளுக்குப் பத்தடி தூரம்.

இப்போது நான் சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சோறு வடித்து இறக்கியாயிற்று. மீன் குழம்பு கொதிக்க வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அம்மா தென்னை நிழலில் வாயைத் திறந்து தூங்கிப்போனார். மாப்பிள்ளையும் ஆண்களும் தோணி பார்க்கப் போயிருந்தார்கள். அப்பா அடுப்புக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "புள்ள, இப்பப் போ. சின்னவளக் கூப்பிட்டு அடுப்புகிட்ட ஒக்கார வச்சிட்டு ஓடிப்போயி ஒரு முங்கு போட்டுட்டு வா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. காற்று கரையிலிருந்து என் பக்கம் அடித்தது. நன்றாகக் கேட்டது.

அக்கா பையிலிருந்து ஊதாத் துணியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு வந்தாள். என்னைக் கூப்பிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். நெருப்பில் சிவந்த முகம், கையில் அந்தத் துணி. மறுபடி கூப்பிட்டாள். "அடியே, கொஞ்ச நேரம் வாடி. நான் சட்டுன்னு வந்திருவேன்."

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினேன்.

மூச்சு முட்டி வெளியே வந்தபோது இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி அமுக்கினேன். போனால் திரும்பி வர முடியுமோ என்னவோ என்ற பயம். இன்னும் ஒரு முங்கு, அப்புறம் போகலாம் என்று நினைத்தேன். கடல் எங்கே போய்விடப் போகிறது? அதைத்தானே பெரியவர்கள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தரம் தலையைத் தூக்கியபோது கரையில் அக்கா இல்லை. குழம்பு பொங்கிவிட்டது என்று ஓடியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் சாப்பாடு. எல்லாருக்கும் பரிமாறி அக்கா கடைசியாகத் தட்டை எடுத்தபோது முதல் தண்ணீர் வந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. ஈரமணலில் நாக்கு நீட்டுகிற மாதிரி வந்து அடுப்புக் கல்லை நனைத்துவிட்டுத் திரும்பியது. "அட!" என்று சிரித்தார்கள். அடுத்ததில் நெருப்பு உஸ்ஸென்று அணைந்தது. அப்போதுதான் எல்லாரும் கடலைப் பார்த்தோம். பாறைகளைக் காணோம். நான் முழங்கால் நனைய நின்ற இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது.

ஒரே கூச்சல். பாய், பை, செருப்பு என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிச்சச் சோறு இருந்த பெரிய அலுமினியப் பானை மிதந்து திரும்பி உள்ளே போனது. அக்கா அதைப் பிடிக்க ஓடினாள். பானைக்காகத்தான் ஓடினாளா? எனக்குச் சந்தேகம்தான். கணுக்கால் நனைந்திருக்கும், அதற்குள் அப்பா பின்னால் போய்க் கையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"இருக்கிற மானத்தையும் வாங்காத! சாமானப் பாத்துக்கத் தெரியல, கடல் ஒண்ணுதான் கேடு!"

மாப்பிள்ளையின் அம்மா ஈரப் பாயை உதறிக்கொண்டே, "அடுப்ப அணைய விட்ட மருமக. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அடுப்பை அங்கே வைத்தது யார்? ஒரு நாய் கேட்கவில்லை. மீன்காரப் பெண் மட்டும் தோணிக்குப் பக்கத்தில் நின்று, "அந்தப் புள்ளைக்கு ஏன் அடிக்கிறீங்க? நான் சொன்னன் தானே" என்றார். அக்கா கன்னத்தைத் தடவிக்கொண்டு, இனிமேலாவது இறங்கலாமா என்று அந்தப் பெண்ணிடம்தான் கேட்டாள். எங்களில் யாரிடமும் கேட்கவில்லை. "ஏலாது மகள். இழுவை வந்திட்டு. நாளைக்குக் காலையில வாங்க" என்றார் அவர். நாளைக்காம். நாளைக் காலை பெரட்டு.

லொறியில் திரும்பும்போது அக்கா என்னை மடியில் படுக்க வைத்திருந்தாள். என் தலை முழுக்க உப்பு. விரலால் கோதிக்கொண்டே, "நான் கூப்பிட்டது கேக்கலியாடி?" என்றாள்.

"கேக்கலக்கா. தண்ணிச் சத்தம்" என்றேன்.

"ம்" என்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அந்த ஊதாத் துணியை அவள் கொண்டுபோகவில்லை. அம்மா அதைக் கிழித்துக் கரித்துணியாக்கி, சூடான பானை இறக்கினார். அத்தான் மோசமான மனிதர் இல்லை, ஆனால் கடலுக்குப் போகலாமா என்று கேட்கிற மனிதரும் இல்லை. நாலு பிள்ளை, மலை, மாமியார். அப்புறம் நாட்டில் சண்டை வந்தது, கிழக்கே போகிற பாதையே பயமாகிவிட்டது. சண்டை முடிந்தபோது அவளுக்கு மருமகள் வந்திருந்தாள். நானோ படித்தேன், பதுளையில் உத்தியோகம் பார்த்தேன், பிள்ளைகளோடு எத்தனையோ கடற்கரைக்குப் போனேன். அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருசத்துக்கு மேலாகிறது. அக்கா கன்னத்தில் விழுந்த அந்த அறையை மட்டும் நான் மறக்கவில்லை, அவர் திவசத்தன்றுகூட யாரிடமாவது சொல்லித் திட்டுவேன்.

அந்தப் படம் வந்த ஞாயிற்றுக்கிழமையே தெமோதரைக்கு பஸ் ஏறினேன். அக்கா இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"அதே எடந்தான்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். அப்பாவில் ஆரம்பித்தேன். லொறி, அடுப்பு, அந்த அறை, அந்த மாமியார் என்று மூச்சு விடாமல் திட்டினேன். அக்கா ஒரு விறகை எடுத்து வைத்தாள், இன்னொன்றை எடுத்து வைத்தாள்.

"செத்த மனுசன எத்தன தடவடி திட்டுவ?" என்றாள். "அவரு செஞ்சதும் தப்புத்தான். ஆனா எனக்கு நேரம் குடுத்தாருல்ல. நீதான வரல."

"எனக்குக் கேக்கலக்கா" என்றேன். ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகியும் அதே வாய், அதே பொய்.

"நீ என்னப் பாத்த" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "பாத்துட்டுத்தான் தண்ணிக்குள்ள தலைய அமுக்குன. ஒருக்கா இல்ல. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அன்னைக்கே ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டேனே, லொறியில. நீ இல்லன்ன. ஒம்பது வயசுப் புள்ளன்னு அன்னைக்கு விட்டேன். இன்னைக்கு ஒனக்கு என்ன வயசு?"

அவள் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, போனை என் கையில் திருப்பி வைத்தாள்.

"சனிக்கிழம வேன் பேசு. மகன், மருமக, பேரப்புள்ள ஒருத்தரும் வேணாம். சோறு கடையில வாங்கிக்க. தண்ணி எப்ப வத்துதுன்னு அங்க யாருகிட்டயாவது மொதல்லயே கேட்டு வையி. நான் எறங்குறேன். நீ கரையில நின்னு என் செருப்பப் பாத்துக்க. நானாக் கூப்பிடுற வரைக்கும் நீ கால்கூட நனைக்கக் கூடாது."

"கூப்பிடுவியாக்கா?" என்று கேட்டேன்.

"தண்ணிச் சத்தத்துல ஒனக்குத்தான் கேக்காதே" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.